பிஎச்டி சேரும் முன் கேட்க வேண்டியது: மாதப் பணம் யார் பெயரில், எதுவரை?

நெட் (தேசியத் தகுதித் தேர்வு) முடிவில் ‘பிஎச்டி சேரத் தகுதி’ என்று வந்ததுமே உதவித்தொகையும் கிடைத்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை முதல் பிரிவுக்கு மட்டும்தான். மற்ற இரண்டிலும் பிஎச்டியைப் பொறுத்தவரை அந்த மதிப்பெண் சேர்க்கைக்குத்தான் உதவும், அதுவும் ஓராண்டுக்கு. சேர்க்கை அலுவலகத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கட்டணம் கட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

கணினி அறிவியல் படித்தவர்கள், அறிவியல் பாடங்களுக்குத் தனியாக நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட்டில் தங்கள் பாடத்தைத் தேட வேண்டாம். அதில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிர் அறிவியல், புவி அறிவியல் மட்டுமே. கணினி யுஜிசி நெட்டில் இருக்கிறது. கேட் (பொறியியல் பட்டதாரித் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணோடு ஐஐடி, என்ஐடிக்குப் போகிறவர்கள் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறிக்கிறோம் என்று இரண்டு முறை பாருங்கள். பகுதிநேரம் என்று குறித்துவிட்டால் நிறுவனத்தின் மாதத் தொகை கிடைக்காது.

அதிகம் பேர் ஏமாறுவது ‘புராஜெக்ட் ஜேஆர்எஃப்’ வேலையில். நெட் ஜேஆர்எஃப் உங்கள் பெயரில் வருவது. முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. புராஜெக்ட் ஜேஆர்எஃப் பேராசிரியரின் திட்டத்துக்கு வந்த பணம். திட்டம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். மூன்றாண்டுத் திட்டத்தில் பாதியில் சேர்ந்தவருக்கு மிச்சம் ஒன்றரை ஆண்டுதான். பிஎச்டி பதிவும் தானாக வராது. பல்கலைக்கழக அறிவிப்பு வரும்வரை காத்திருக்கும் மாதங்களிலும் திட்டத்தின் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நேர்காணலிலேயே திட்டத்தின் அனுமதி ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். தொடங்கிய தேதி, முடியும் தேதி, உங்கள் பணியிடம் மூன்றையும் அதில் பாருங்கள். ‘நீட்டிப்பு வந்துவிடும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பிச் சேராதீர்கள்.

கைடிடம் (ஆய்வு வழிகாட்டி) காலியிடம் உண்டா என்பதையும் கேளுங்கள். யுஜிசியின் 2022 விதிப்படி பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக்கூடாது. அவர் சம்மதக் கடிதம் கொடுத்தாலும் அலுவலகம் அதைத் திருப்பிவிடும். போன மாதங்களைத் திருப்பித் தர ஆளில்லை.

யுஜிசி ஜேஆர்எஃப் கையில் இருந்தாலும் மாதாமாதம் உங்கள் நிறுவனம் கனரா வங்கித் தளத்தில் உறுதிப்படுத்தினால்தான் பணம் வரும். ‘மேக்கர்’ பதிவிட வேண்டும், ‘செக்கர்’ ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் விடுப்பில் போனாலும் உங்கள் தொகை நின்றுபோகும். அந்த இருவரும் யார், எந்த மேசை என்பதைச் சேர்ந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

42,000க்கு உயர்வதும் தானாக நடக்காது. இரண்டாண்டு முடிவில் வெளி நிபுணர் உள்ள கமிட்டி உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே கமிட்டியைக் கூட்டச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலுவை கேட்கும்போது அந்த ஒரு தாள்தான் கைகொடுக்கும்.