புல்லைத் தின்றால் மரம் பிழைக்கும்

புல்லும் ஆங்காங்கே மரமுமாகக் கலந்து கிடக்கும் வெளிதான் சவானா. மழை கொஞ்சம் கூடினால் காடாகவும், குறைந்தால் பாலையாகவும் ஆகிவிடக்கூடிய இடைப்பட்ட நிலம் என்று அதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். பாதி உண்மைதான். ஆப்பிரிக்கச் சவானாக்களில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்களில், மரங்கள் நெருங்கி வளர்ந்து கிளைகளால் தரையை மூடிவிடப் போதுமான நீர் இருக்கிறது. இருந்தும் அங்கே காடு இல்லை. இரண்டு சக்திகள் அதைத் தடுக்கின்றன. ஒன்று தீ, மற்றொன்று வாய்.

இரண்டுக்கும் இரை ஒன்றே என்பதில்தான் சுவாரசியம் தொடங்குகிறது. விலங்கு தின்ற புல் எரியாது. எரிந்த புல் விலங்குக்குக் கிடைக்காது. ஆக, எவ்வளவு மேய்கிறது என்பதைப் பொறுத்தே எவ்வளவு எரியும் என்பது அமைகிறது. மரத்தின் தலைவிதியும் அங்கேதான் இருக்கிறது.

இதை யாரும் திட்டமிட்டு நிரூபிக்கவில்லை. ஒரு நோய் வந்து காட்டிக்கொடுத்தது. 1880களின் பிற்பகுதியில் ரிண்டர்பெஸ்ட் எனும் மாட்டு வெக்கை நோய் எரித்ரியா வழியாக ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. பத்தே ஆண்டுகளில் கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மாட்டையே நம்பியிருந்த மக்கள் பஞ்சத்தில் வீழ்ந்தார்கள். மாட்டுக்கு உறவான காட்டெருமையையும், வைல்ட்பீஸ்ட் எனும் பெரிய மான் வகையையும் அது விட்டுவைக்கவில்லை. தான்சானியாவின் செரங்கெட்டியில் முதல் அலை ஓய்ந்த பிறகும் நோய் தங்கிவிட்டது. வைல்ட்பீஸ்ட் கன்றுகள் ஆண்டுதோறும் அதற்குப் பலியாகிக்கொண்டிருந்தன.

1960களில், செரங்கெட்டிப் பூங்காவைச் சுற்றி வாழ்ந்த மக்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் பணி பலன் தந்தது. காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூட ஊசி போடவில்லை. மாட்டில் நோய் அறுந்ததும் காட்டிலும் அறுந்தது. நோயைக் காட்டு விலங்குகள்தான் வளர்த்து மாடுகளுக்குத் தருகின்றன என்று நம்பிவந்தவர்களுக்கு இது தலைகீழான செய்தி. 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வைல்ட்பீஸ்ட், 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தைத் தாண்டியது. வறண்ட மாதங்களில் அப்போது கூடுதலாகப் பெய்த மழையும் கைகொடுத்தது.

அடுத்து நடந்ததைத்தான் பலர் எதிர்பார்க்கவில்லை. அதுவரை தின்ன ஆளின்றி இடுப்பளவு வளர்ந்து காய்ந்த புல், ஆண்டுதோறும் செரங்கெட்டியின் பெரும்பகுதியை எரித்துக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான வாய்கள் திரும்பியதும் எரிபொருள் தீர்ந்தது. எரியும் பரப்பு வேகமாகச் சுருங்கியது. சவானாவின் மரக்கன்றுக்குத் தீ ஒரு கண்ணி. சுமார் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தைத் தாண்டும் வரை ஒவ்வொரு தீயிலும் தண்டு கருகும், வேர் பிழைத்து மீண்டும் துளிர்க்கும், மீண்டும் கருகும். சில ஆண்டுகள் தீ வராமல் இருந்தால் போதும், தலை தப்பிவிடும். அப்படித் தப்பிய கன்றுகளால் செரங்கெட்டியில் மரங்கள் பெருகின. மண்ணிலும் மரத்திலும் கரிமம் சேர்ந்தது. காற்றுக்குக் கரிமத்தை வெளிவிட்டுக்கொண்டிருந்த நிலம் அதை உள்வாங்கும் நிலமாக மாறியது என்று பின்னர் வந்த ஆய்வுகள் கணக்கிட்டன. ஒரு மரத்தைக்கூடத் தொடாத விலங்கு, காட்டை வளர்த்துவிட்டது.

எல்லா வாய்களும் ஒன்றல்ல. செரங்கெட்டிக்குத் தென்கிழக்கில் இருக்கும் மன்யாரா ஏரிக்கரையில் கதை நேரெதிர். இம்பாலா மான் புல்லையும் தின்னும், இளங்கன்றையும் கிள்ளும். அங்குள்ள குடைவேல மரங்களின் வயதை ஆராய்ந்தபோது அவை கொத்துக்கொத்தாக ஒரே வயதில் இருந்தன. ஒரு கொத்து முளைத்தது 1880களின் இறுதியில், வெக்கை நோய் பரவிய காலத்தில். இன்னொன்று 1961ஐ ஒட்டி, இம்பாலாக்களை அடைப்பான் நோய் கொன்றழித்த சமயத்தில். கிள்ளும் வாய்கள் குறைந்த அந்தச் சில ஆண்டுகளில் தலைதூக்கியவைதான் பிறகு தோப்பாக நின்றன. இப்போது முதிர்ந்து நிழல் தரும் மரம் எதைப் பார்த்தாலும், அது சிறுகன்றாக இருந்தபோது மான்களுக்கு என்ன ஆனது என்று கேட்கத் தோன்றுகிறது.

யானை வேறு ரகம். நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தின்னும். கன்றைக் கிள்ளுவதோடு நிற்காமல் வளர்ந்த மரத்தையே சாய்க்கும், பட்டையை உரிக்கும். சேதம் என்று சொல்வது நம் கண்ணோட்டம். கென்யாவின் ம்பாலா ஆய்வு மையத்தில் யானை முறித்த மரங்களின் பிளவுகளிலும் வெடிப்புகளிலும் மரப்பல்லிகள் அதிகமாகக் குடியிருப்பதைக் கண்டார்கள்.

யார் எதைத் தின்பார் என்பதை உடலின் அளவும் குடலின் அமைப்பும் தீர்மானிக்கின்றன. வரிக்குதிரை அசைபோடாது. நார் மிகுந்த தண்டையும் நிறையத் தின்று, பெருங்குடலில் நொதிக்கவைத்து, கிடைத்த சத்தை எடுத்துக்கொண்டு மீதியை விரைவாகத் தள்ளிவிடும். அசைபோடும் வைல்ட்பீஸ்ட்டால் அப்படி முடியாது. உணவு நன்றாக அரைபட்டு நுணுகும் வரை இரைப்பையில் தங்கியாக வேண்டும். எனவே அதற்கு இலை மிகுந்த புல் தேவை. உடல் சிறுத்த தாம்சன் கசெல் மானுக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் கூடுதல் ஆற்றல் வேண்டும். சத்து நிறைந்த இளந்துளிர் இல்லாமல் அதற்குக் கட்டுபடியாகாது. செரங்கெட்டியில் வரிக்குதிரை முன்னே போய் உயர்ந்த தண்டுகளைக் களைய, வைல்ட்பீஸ்ட் தொடர, கடைசியில் கசெல் வந்து புதுத்துளிரை மேய்வது இதனால்தான். 

புல் இதைத் தாங்குவது அதன் உடலமைப்பால். மரத்தின் வளர்நுனி உச்சியில் இருக்கிறது, கடித்தால் போயிற்று. புல்லின் வளர்ச்சி அடியிலிருந்து வருவதால் மேலே வெட்டுப்பட்டாலும் நீண்டுகொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவின் ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி பூங்காவில் வெள்ளைக் காண்டாமிருகம் தன் அகன்ற உதடுகளால் புல்லைத் தரையோடு ஒட்டக் கத்தரிக்கிறது. திரும்பத் திரும்ப மேயும் இடத்தில் உயரப் புற்கள் தோற்று, படர்ந்து பரவும் புற்கள் நிலைக்கின்றன. அந்தக் கட்டைப்புல் திட்டு மற்ற மான்களையும் இழுக்கிறது. அவை இடும் சாணமும் சிறுநீரும் அதே இடத்துக்கு உரமாகின்றன. தீ அங்கே வந்தால் பற்ற ஒன்றுமில்லாமல் நின்றுவிடுகிறது. மழை மிகுந்த பகுதிகளிலிருந்து காண்டாமிருகங்களை அகற்றிப் பார்த்தபோது புல் உயர்ந்தது, தீ பெரும்பரப்பில் பரவியது.

சத்து நிலத்தோடு நின்றுவிடுவதில்லை. கென்யாவிலிருந்து செரங்கெட்டி வழியே ஓடும் மாரா ஆற்றில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்யானைகள் இரவெல்லாம் கரையில் மேய்ந்து, பகலில் நீருக்குள் கழிக்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 டன் சாணம் ஆற்றில் சேர்கிறது. நீரோட்டம் குறைந்த காலங்களில் இந்தச் சாணம் மடுக்களின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு மழைவெள்ளம் அந்த நீரைக் கீழே அடித்துச்செல்லும்போது மீன்கள் கும்பலாகச் சாகும். அதே ஆற்றைக் கடக்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கு மேற்பட்ட வைல்ட்பீஸ்ட்கள் மூழ்கி இறக்கின்றன. சதை சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பு முழுதும் கரைய ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அதிலிருந்து பாஸ்பரஸ் கசிந்துகொண்டிருக்கும்.

மீண்டும் ம்பாலாவுக்கு வருவோம். அங்கே விசில் வேலமரம் எறும்புகளைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறது. உப்பிய முட்களில் குடியிருப்பு, இலைக்காம்பில் தேன். பதிலுக்கு எறும்புகள் மேய வரும் வாயைக் கடிக்கும். தும்பிக்கைக்குள் எறும்பு ஏறுவதை யானை சகிக்காது. 1995இல் வேலியிட்டுப் பெரிய விலங்குகளைத் தடுத்து, பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். மரங்கள் செழித்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் எதிரி இல்லாததால் மரம் கூலியைக் குறைத்துவிட்டது. காவல் எறும்புக் கூட்டங்கள் நலிந்தன. மரத்தைத் துளைக்கும் வண்டுகளின் பொந்துகளில் வாழும் இன்னொரு எறும்பினம் இடம்பிடித்தது. அதற்கு வண்டு பெருகுவதே லாபம். மேயப்படாத மரங்கள் மெதுவாக வளர்ந்து அதிகமாகச் செத்தன.

அருகிலுள்ள ஓல் பெஜெட்டா காப்பகத்தில் இதன் மறுபக்கம் நடந்தது. வெளியிலிருந்து வந்து பரவிய பெருந்தலை எறும்பு, காவல் எறும்புகளைக் கொன்றது. காவல் போனதும் யானைகள் ஐந்து முதல் ஏழு மடங்கு அதிகமாக மரங்களை முறித்தன. மரம் குறையக் குறைய வெளி திறந்தது. பதுங்கிப் பாயும் சிங்கத்துக்கு மறைவு போயிற்று. 2003இல் சிங்கங்கள் கொன்றவற்றில் 67 விழுக்காடு வரிக்குதிரை. 2020இல் அது 42 ஆகக் குறைந்தது. காட்டெருமையின் பங்கு பூஜ்யத்திலிருந்து 42 விழுக்காட்டுக்கு ஏறியது. எருமையைச் சாய்ப்பது சிங்கத்துக்கு ஆபத்தான, கடினமான வேலை. இருந்தும் சிங்கங்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பதுதான் ஆய்வாளர்களையே வியக்கவைத்தது.