கச்சான் காற்றும் கியர் வயரும்: ரோடு பைக் ஷிஃப்டரை மாற்றும் முன்

ராமநாதபுரம் கடற்கரையில் மேடு என்று சொல்லப் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுப்பகுதியைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் இங்கே யாராவது ரோடு பைக் வாங்கினால், அதாவது கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் வைத்த மெல்லிய டயர் சைக்கிள் வாங்கினால், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "தட்டையான ஊருக்கு எதுக்குத் தம்பி இத்தனை கியர்" என்பதுதான். காற்றைக் கணக்கில் எடுக்காத வரை நியாயமான கேள்வி. ஆடி மாதத்தில் கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வழியாகச் சாயல்குடிப் பக்கம் மிதித்துப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அந்த முழுத் தூரத்துக்கும் ஏறக்குறைய நேர் எதிரே நிற்கும்.

காற்றே இல்லாத விடியற்காலையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் மேல் மோதும் காற்றும் 25 கி.மீ. வேகம்தான். அப்புறம் 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று எழும்புகிறது, நீங்களும் 25-ஐ விட மாட்டேன் என்று பிடிக்கிறீர்கள். இப்போது மோதும் வேகம் 45. காற்று பின்னுக்குத் தள்ளும் விசை அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், ஆகவே 1.8 மடங்கு வேகம் சுமார் 3.2 மடங்கு விசையாகிவிடும். இதை யாரும் வெகுநேரம் தாங்க முடியாது. வேகத்தை 15-க்கு இறக்கினால் காற்றுக்காகச் செலவாகும் உழைப்பு பழைய அளவுக்குச் சற்றே மேலே வந்து நிற்கும், அதைத் தாங்கலாம். ஆனால் கியரை மாற்றாமல் வேகத்தை மட்டும் இறக்கினால் கால் மெதுவாகச் சுற்றும். முன்னால் 50 பல், பின்னால் 21 பல் சக்கரத்தில் 25 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 83 முறை மிதித்துக்கொண்டிருந்தீர்கள், அதே கியரில் 15 கி.மீ. என்றால் 50 முறைதான். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வாங்கும் அழுத்தம் அதற்கேற்ப எகிறும். முன்னால் 34, பின்னால் 24 என்று மாற்றிவிட்டால் அதே 15 கி.மீ. வேகத்தில் கால் மறுபடி 84 சுற்றுக்கு வந்துவிடுகிறது. மலையூர்க்காரர்களுக்கு ஏற்றம் செய்கிற வேலையை நமக்குக் காற்று செய்கிறது, கியர் அதற்குத்தான்.

இன்னொரு விஷயம், மலை ஏற்றம் கண்ணுக்குத் தெரியும், காற்று தெரியாது. கருவேலங்காடு இருபக்கமும் மறைக்கும் இடத்தில் சைக்கிள் சுகமாக ஓடும், காடு முடிந்து வாலிநோக்கம் பக்கத்து உப்பளவெளி திறந்ததும் காற்று மொத்தமாக இறங்கும், அடுத்த பனங்கூட்டத்தில் மறுபடி அடங்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை கியர் மாற்ற வேண்டியிருக்கும். அப்படியானால் கியர் மாற்றும் லீவர், அதாவது ஷிஃப்டர், எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது.

பழைய ரோடு சைக்கிள்களில் அந்த லீவர் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருந்தது. குனிந்து, ஒரு கையை எடுத்து, முழங்காலுக்கு அருகே தடவி மாற்ற வேண்டும். 1984-இல் சைக்கிள் உதிரிபாக நிறுவனமான ஷிமானோ தன் டூரா-ஏஸ் வரிசையில் ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற முறையைக் கொண்டுவந்தது, லீவர் இருந்த இடம் மட்டும் மாறவில்லை. 1990-இல்தான் பிரேக் லீவரும் கியர் லீவரும் ஒன்றாகி எஸ்டிஐ என்ற பெயரில் கைக்கு வந்தன. 1992-இல் காம்பக்னோலோவின் எர்கோபவர், 2006-இல் ஸ்ராமின் டபுள்டேப் என்று மற்றவர்களும் வந்தார்கள். இன்றைக்கும் விலை குறைந்த பல ரோடு பைக்குகளில் லீவர் ஹேண்டில்பாரின் மேல் தண்டில், ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்முக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும். ஷிமானோ ஏ050 அப்படிப்பட்டதுதான். உழைக்கிற சாமான், கெட்டுப்போவதும் அரிது. ஆனால் நம் கடற்கரைக்கு அது பொருத்தமில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

காரணத்தைத் தனுஷ்கோடிச் சாலையில் பார்க்கலாம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ., தென்கிழக்கு நோக்கி ஓடும் சாலை, ஒரு பக்கம் பெண்கடல் என்று மீனவர்கள் சொல்லும் பாக் நீரிணை, மறுபக்கம் ஆண்கடலான மன்னார் வளைகுடா. கச்சான் வீசும் மாதங்களில் போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கும், வாடை வீசும் மாதங்களில் இடப்பக்கத்திலிருந்து. மறைக்க மரம் இல்லை. சாலையில் மணல் வேறு ஏறிக் கிடக்கும். குறுக்குக் காற்று முன்சக்கரத்தைத் திருப்பப் பார்க்கும், நாம் ஹேண்டில்பாரைப் பிடித்து அதை எதிர்க்கிறோம். இந்தத் திருப்புவிசை, கை கொடுக்கும் விசையையும் ஸ்டியரிங் அச்சிலிருந்து கை இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் வருவது. 42 செ.மீ. அகல ஹேண்டில்பாரின் ஓரத்தில் கை இருந்தால் அந்தத் தூரம் 21 செ.மீ. ஸ்டெம்முக்குப் பக்கத்து லீவருக்குக் கையைக் கொண்டுபோனால் ஆறேழு செ.மீ.தான். அந்தக் கை அதே வேலையைச் செய்ய மூன்று மடங்கு அழுத்த வேண்டும், அதுவும் பிரேக்கை விட்டுவிட்டு, சுற்றுலா வேன்கள் உரசிப் போகும் சாலையில். பிரேக் லீவரிலேயே ஷிஃப்டர் இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது, இரண்டு கையும் ஓரத்திலேயே இருக்கும், ஒரு விரல் மட்டும் நகரும்.

சரி, அந்தச் சின்ன லீவருக்குள் என்ன நடக்கிறது? ஒரு சிறு உருளையில் கியர் வயர் சுற்றப்பட்டிருக்கிறது, உருளையின் விளிம்பில் சாய்ந்த பற்கள் இருக்கின்றன. ஷிமானோவில் பிரேக் லீவரை உள்பக்கமாகத் தள்ளினால் ஒரு கொக்கி அந்தப் பல்லைப் பிடித்து உருளையை ஒரு படி திருப்பும், வயர் இழுபடும், பின்சக்கரத்தில் செயினை நகர்த்தும் கருவியான டெரெய்லர் அதைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும். மிதிப்பது இலேசாகும். உருளை திரும்பி ஓடாமல் இன்னொரு கொக்கி பிடித்துக்கொள்ளும், அது பல்லில் விழும் சத்தம்தான் கிளிக். பின்னால் இருக்கும் குட்டி லீவரைத் தட்டினால் பிடித்த கொக்கி ஒரே ஒரு பல்லுக்கு விலகும், டெரெய்லரில் உள்ள ஸ்பிரிங் வயரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், செயின் சின்னச் சக்கரத்துக்கு இறங்கும். ஏறுவதற்கு உங்கள் விரல் பலம் இருக்கிறது, இறங்குவதற்கு அந்த ஸ்பிரிங் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உப்பு பற்றிப் பேசும்போது வேண்டும்.

ஷிஃப்டர் வாங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது வயர் இழுக்கும் அளவில். ஷிமானோவின் 8 வேக ஷிஃப்டர், அதாவது பின்னால் 8 பல்சக்கரம் உள்ள சைக்கிளுக்கானது, ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.8 மி.மீ. வயரை இழுக்கும். டெரெய்லர் அதை 1.7 மடங்காக்கிச் சுமார் 4.8 மி.மீ. நகரும், 8 வேக கேசட்டில், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில், பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் அதுவே. இந்த மூன்று எண்ணில் ஒன்று மாறினாலும் கியர் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் தொங்கி இரையும். 9 வேகத்துக்கு இழுப்பு சுமார் 2.5 மி.மீ., பழைய 10 வேகத்துக்குச் சுமார் 2.3. 11 வேக ரோடு வரிசையில் ஷிமானோ டெரெய்லரின் பெருக்கத்தையே சுமார் 1.4-ஆகக் குறைத்துவிட்டது. அவர்களின் டியாக்ரா 4700 பத்து வேகம்தான், இருந்தும் புதிய கணக்கில் வேலை செய்யும், முந்தைய 10 வேக டெரெய்லரோடு சேராது. ஸ்ராமின் கணக்கு தனி. எனவே பழைய சாமான் மலிவாகக் கிடைக்கிறது என்று தாவுவதற்கு முன், உங்கள் சைக்கிளில் பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணி, டெரெய்லரின் பின்புறம் பொறித்திருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 7 வேக ஏ050 வைத்திருப்பவர்கள் கேசட்டையும் டெரெய்லரையும் தொடாமல் அதே 7 வேக ஏ070-க்குப் போகலாம். அதில் செயினைச் சின்னச் சக்கரத்துக்கு இறக்கக் கட்டைவிரலால் அழுத்தும் பட்டன் ஒன்று, பெரிய சக்கரத்துக்கு ஏற்ற பிரேக் லீவர். ஷிமானோ வரிசைகளில் 8 வேகத்துக்கு கிளாரிஸ், 9-க்கு சோரா. பல்சக்கர எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையை நான் ஊக்குவிக்க மாட்டேன், சொகுசு அங்கே இல்லை.

பிரேக்குக்கும் இதே கதை உண்டு. புதிய தலைமுறை ஷிமானோ லீவர்கள் பழையவற்றைவிடக் கூடுதலாக பிரேக் வயரை இழுக்கும். சக்கர விளிம்பைக் கவ்வும் பழைய காலிப்பர் பிரேக்கோடு இணைத்தால் லீவர் கெட்டியாக இருக்கும், பிடிப்போ குறைந்துவிடும். இரண்டு நீளக் கைகள் கொண்ட வி-பிரேக் பூட்டிய சைக்கிள் என்றால் சாதாரண ரோடு லீவர் அதற்குப் போதாது. இந்த விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

சொகுசு கையில்தான் இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் போகும் அல்னார் நரம்பு, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்தில் கியோன் கால்வாய் என்ற குறுகிய வழியாக, மேலே தசைப் பாதுகாப்பு அதிகம் இல்லாமல் போகிறது. உள்ளங்கையின் அந்த ஓரத்தை ஹேண்டில்பாரில் ஊன்றி மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டினால் அந்த இரண்டு விரலும் மரத்துப்போகும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது நடுவில் போகும் மீடியன் நரம்பு. பிரேக்-ஷிஃப்டரின் மேல்பகுதியில் ரப்பர் உறை போட்ட ஹூட் ஒன்று இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதி அதில் உட்கார்ந்தால் மணிக்கட்டு நேராகும், எடை உள்ளங்கை முழுதும் பரவும். ஏ050 சைக்கிள்களிலும் பிரேக் லீவருக்கு ஹூட் உண்டு, பலவற்றில் சின்னது, கை நிறையாது. உள்ளே இயந்திரம் உள்ள எஸ்டிஐ ஹூட் நீளமாகவும் அகலமாகவும் இருப்பதால் கை தங்குகிறது. விரல் குட்டையானவர்கள் லீவரைக் கைப்பக்கம் நெருக்க ஒரு சின்ன ஸ்குரூவோ செருகும் ஆப்போ இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. தயவுசெய்து தொடுங்கள். பிரேக்கை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும் கை எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். மரத்தது இரவு தூங்கி எழுந்தும் போகவில்லை என்றால் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உப்புக்கு வருவோம். மழைக்காலத்தில் சமையலறை உப்பு நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையும், கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ சுமார் 33 சதவீதத்திலேயே ஆரம்பித்துவிடும். நம் கடற்கரையில் காற்று அவ்வளவு காய்வதே அபூர்வம். அப்படியானால் சைக்கிளில் படிந்த உப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே எப்போதும் மின்சாரம் கடத்தும் ஒரு மின்பகுளிப் படலம் இருக்கிறது, அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் அது ஒரு குட்டி மின்கலமாகி அலுமினியத்தைத் தின்னும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி உலோக அரிப்பை ஆராய மண்டபத்தைத் தேர்ந்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலோக்சேன் பூச்சையும் பயன்படுத்தியதும் இதே உப்புக் காற்றை நினைத்துத்தான்.

ஷிஃப்டரில் உப்பின் வேலை முதலில் தெரிவது வயரிலும், அது உள்ளே ஓடும் உறையான அவுட்டரிலும். வயர் மொத்தம் எத்தனை டிகிரி வளைந்து போகிறதோ அதைப் பொறுத்து உராய்வு பெருக்கல் கணக்கில் ஏறும், உள்ளே துரு சேர்ந்தால் இன்னும் மோசம். ஏறுவது நன்றாக இருந்து, சின்னச் சக்கரத்துக்கு இறங்குவது மட்டும் மந்தமானால் சந்தேகமே வேண்டாம், வயரும் அவுட்டரும்தான் முதல் குற்றவாளி, ஏனென்றால் இறக்கத்துக்கு ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கிறது. "அண்ணே, லீவர் சும்மா ஆடுது, கிளிக்கே விழல" என்று கடைக்கு வரும் ஷிஃப்டர்களில் பல செத்தவை அல்ல, உள்ளே பழைய கிரீஸ் இறுகிக் கொக்கி பல்லில் விழாமல் நிற்கும். கிரீஸைக் கரைக்கும் டிகிரீசர் பீய்ச்சி, லீவரைப் பலமுறை ஆட்டி, கறுப்பெல்லாம் வடிந்தபின் இலேசான எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். புதிது வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் கூடவே துருப்பிடிக்காத எஃகு இன்னர் வயரும் புது அவுட்டரும் வாங்குங்கள், ஷிஃப்டரைவிட அதைத்தான் நான் முக்கியம் என்பேன். கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அழுத்தினால் சுருங்காது, அதனால் கிளிக் துல்லியமாக இருக்கும். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாக இருக்கும், பிரேக் விசையைத் தாங்க அதுதான் வேண்டும். கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போட்டால் அவசர பிரேக்கில் பிளந்துவிடலாம். போல்ட் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். தனுஷ்கோடி போய் வந்தால் சைக்கிளைக் கழுவ வேண்டும், ஆனால் நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உவர், அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கணக்கு. குடிதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும், பீய்ச்சி அடிக்க வேண்டாம். மின்சார ஷிஃப்டர்களில் கியர் வயரே இல்லாததால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை, விலைதான் சைக்கிளையே தாண்டும்.

ஹேண்டில்பார் டேப்பை உடனே சுற்றிவிடாதீர்கள். ஹூட்களைத் தற்காலிகமாக இறுக்கி, ஹேண்டில்பாரின் சாய்வோடு ஒரே மட்டமாக வைத்து, ஆலன் கீயைப் பையில் போட்டுக்கொண்டு உச்சிப்புளி வரை ஒரு சுற்று போய் வாருங்கள். மணிக்கட்டு மேலே மடங்கினால் ஹூட்டைக் கொஞ்சம் இறக்குங்கள், கை முன்னுக்கு வழுக்கினால் கொஞ்சம் ஏற்றுங்கள். புதிய ஹூட் நீளமாக இருந்து தோள் இழுத்தால் 10 மி.மீ. குட்டையான ஸ்டெம் சரிசெய்துவிடும். புது வயரும் அவுட்டரும் முதல் சில நாட்களில் கொஞ்சம் அமர்ந்து தளரும், அப்போது டெரெய்லரில் வயர் நுழையும் இடத்து உருளைத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக வெளியே திருப்பி இறுக்கம் கொடுங்கள். அதெல்லாம் முடிந்து கை சொன்ன இடத்தில் ஹூட் நின்றபின் டேப்பைச் சுற்றலாம்.