கல்லடைப்பும் சிறுநீரகக் கல்லும்

பேச்சில் கிட்னி ஸ்டோன் என்கிறோம். எழுதும்போது சிலர் சிறுநீரகக் கல் என்றும் சிலர் கல்லடைப்பு என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சிறுநீரகக் கல் பொருளின் பெயர். கல்லடைப்பு அந்தக் கல் உண்டாக்கும் நிலையின் பெயர்.

சிறுநீரகத்துக்குள் ஒரு கல் வலியே இல்லாமல் பல ஆண்டுகள் கிடக்கலாம். அது நழுவி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர் நாளத்தில் சிக்கிக்கொண்டால், இறங்க வழியில்லாத சிறுநீர் மேலே தேங்கி அழுத்தம் கொடுக்கும். விலாவில் தொடங்கி அடிவயிறு வரை ஓடும் அந்தக் கொடிய வலி அப்போது வருவதுதான். சித்த மருத்துவம் வழங்கும் கல்லடைப்பு என்ற சொல், வலிக்கு வேர் அடைப்பில் இருக்கிறது என்பதைப் பெயரிலேயே காட்டிவிடுகிறது. எனக்கு இந்தச் சொல் மீது பெரிய மதிப்பு உண்டு.

சரி, கல் என்பது பொருத்தமான சொல்லா? சாப்பாட்டில் வரும் மண்ணும் கல்லும் உள்ளே சேர்ந்து இப்படி ஆகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கல்லுப்பை நினைத்துப் பாருங்கள். அங்கே கல் என்றால் பாறைத்துண்டு இல்லை, நீர் வற்ற வற்ற உப்பு திரண்டு உருவான படிகம். சிறுநீரகக் கல்லில் உள்ள கல்லும் அந்த வகைதான், ஆனால் அது சமையல் உப்பு அல்ல. சிறுநீரில் கரைந்திருக்கும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை, அந்த நீர் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய அளவைத் தாண்டும்போது படிகமாகப் பிரிகின்றன. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, அதிகம் வியர்ப்பது, கிருமித் தொற்று, பரம்பரைக் கோளாறு என்று காரணங்கள் பல. சிறுநீரில் இருக்கும் சிட்ரேட் கால்சியத்தோடு சேர்ந்துகொண்டு படிகம் வளராமல் தடுக்கிறது. அது குறைந்தாலும் கல் வரும்.

மருத்துவர்கள் எழுதும் கால்குலஸ், சிறு கூழாங்கல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல். கூழாங்கற்களை வைத்து எண்ணிய பழக்கத்தால் கணக்குக்கும் அந்தப் பெயர் போனது. அதன் வேரான கால்க்ஸ் சுண்ணாம்பைக் குறிக்கும். 1808-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி கால்சியத்தைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்ததும் அதே வேரிலிருந்துதான். நாமும் கால்சியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்கிறோம். பெயர் இப்படி இருப்பதால் பலர் கல் வந்ததும் பாலை நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். அதைக் குறைத்தால் ஆக்சலேட் அதிகமாக உள்ளே ஏறும். உண்மையில் குறைக்க வேண்டியது உப்பை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

ஆக்சலேட் என்ற பெயர் ஆக்சாலிஸ் என்னும் செடியிலிருந்து வந்தது. அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் நம் புளியாரை. கிரேக்கத்தில் ஆக்சிஸ் என்றால் கூர்மை, புளிப்பு என்ற இரண்டும். அவர்களும் நாமும் ஒரே சுவையைப் பிடித்துப் பெயர் வைத்திருக்கிறோம். கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான்.

அப்புறம், எழுதும்போது எதை எங்கே போடுவது? ஸ்கேனில் தெரிகிற பொருளுக்குச் சிறுநீரகக் கல். அது வழியை மறித்து வலிக்கும்போது கல்லடைப்பு. அப்படி அடைத்திருக்கும்போதே காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால், தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கக்கூடும். அந்த நிலையில் கல் தானாக இறங்கட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.