மழை வந்தால் படுத்துக்கொள்ளும் மாருதி

மே மாத மழைக்கு மறுநாள் காலை, பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய கார்புரேட்டர் மாருதி 800-ஐக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

"மாட்யூல் போச்சுன்னு ஒருத்தர் மாத்தினார் தம்பி. அப்புறம் காயிலும் மாத்தினார். மழை பெஞ்சா இன்னும் படுத்துக்குது" என்றார் பெரியவர்.

பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை உண்டாக்குவது இக்னிஷன். அது எலக்ட்ரானிக் என்றதும் எல்லாப் பழியும் மாட்யூல் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் மேல்தான் விழுகிறது. உண்மையில், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் எலக்ட்ரானிக் ஆனது கரண்டை வெட்டும் வேலை மட்டும்தான். முன்பு அதைப் பாயிண்ட் என்ற திறந்து மூடும் உலோக முனைகள் செய்தன, தேய்ந்தன, கருகின. இப்போது ஷாஃப்டில் பல் வைத்த ஒரு சக்கரம். ஒவ்வொரு பல்லும் பிக்கப் காயிலைக் கடக்கும்போது சின்ன சிக்னல் பிறக்கும். மாட்யூல் அதைப் பார்த்து இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டும். வெட்டியதும் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும். மூன்று சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 75 தடவை இது நடக்கிறது.

அதற்கு மேலே எல்லாம் தாத்தா காலத்துச் சரக்குதான். சுழன்று கரண்டைப் பங்கிடும் ரோட்டர், அதன் மேல் மூடியாக இருக்கும் கேப், அங்கிருந்து பிளக்குக்குப் போகும் வயர். கேப்பில் ஈரம் ஏறினால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழி தேடும்.

சாயங்காலத்துக்குள் வண்டி காய்ந்து தானாகவே ஸ்டார்ட் ஆனது. இருட்டியதும் பானெட்டைத் திறந்து, கேப் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். நீல நூல் மாதிரி ஒரு பொறி கேப்பின் ஓரத்தில் ஊர்ந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. விரிசல், அதில் படிந்த கரி. துடைத்தால் போகாது. ஜே.சி. ரோட்டில் புது கேப்பும் ரோட்டரும் வாங்கி மாட்டினோம்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பிளக் வயரை உருவித் தூரமாகப் பிடித்துப் பொறி பார்ப்பது பாயிண்ட் காலத்துப் பழக்கம். எலக்ட்ரானிக்கில் வேண்டாம். போக வழியில்லாத வோல்டேஜ் காயிலையோ மாட்யூலையோ பதம் பார்க்கும். ஷாக்கும் பலமாக இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, வயரில் ஒரு உபரி பிளக்கைச் செருகி, அதன் உடம்பை எஞ்சின் இரும்போடு நன்றாக எர்த் செய்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள்.

கழற்றிய பழைய மாட்யூலைப் பெரியவர் டேஷ்போர்டில் துணி சுற்றி வைத்திருந்தார். மாட்டிப் பார்த்தேன். ஓடியது.