சான்றிதழில் இல்லாத ஒரு விவரம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ராசிக்கல் விற்கிறேன். சென்ற வாரம் ஓர் அம்மா ஜோதிடர் எழுதிய சீட்டோடு வந்து மகனுக்குக் கனகபுஷ்பராகம் கேட்டார். "தம்பி, அசல்தானே? சர்ட்டிபிகேட் இருக்கிறதா?" காட்டினேன். இலங்கைக் கல், சூடேற்றாதது என்றிருந்தது. அத்தோடு அவர் கேள்வி முடிந்தது.

கல்லுக்குள் ஓடும் மெல்லிய இழைகளையும் அதில் கலந்துள்ள தனிமங்களையும் வைத்து, எந்த நாட்டுக் கல் என்று ஆய்வுக்கூடம் கணிக்கிறது. தோண்டியவருக்கு என்ன விலை கிடைத்தது என்பது அதில் வராது. பட்டை தீட்டாத வைரத்துக்காவது, அந்தப் பணம் ஆயுதக் குழுக்களுக்குப் போகாதிருக்க நாடுகள் சான்றளிக்கும் கிம்பர்லி நடைமுறை 2003 முதல் இருக்கிறது. மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் அப்படி எதுவும் இல்லை.

இலங்கையின் இரத்தினபுரியில் கல் தோண்டும் ஒரு குழியோரம் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். மண் சரியாதிருக்க நாற்புறமும் மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்கில் பெரணித் தழையைத் திணித்திருந்தார்கள். ஊற்றுநீரை மோட்டார் இறைத்துக்கொண்டே இருந்தது. மேலே வந்த சரளையைக் கூடையில் இட்டு, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றினார்கள். மண் கரைந்து போக, கனமான கல் அடியில் தங்கும். ஒரு பெரியவர் கூடையை வெயிலுக்குச் சாய்த்து விரலால் துழாவினார். அன்று ஒன்றுமே இல்லை. அங்கே பெரும்பாலும் தினக்கூலி கிடையாது. கல் விற்றால்தான் பங்கு. நிலத்துக்காரர், உரிமம் எடுத்தவர், மோட்டார் கொடுத்தவர் பங்குகளும் அதிலிருந்தே போகும்.

அதனால் குழியோரத்தில் பேசும் முதல் விலைதான் அவர்கள் அடுப்பெரிய வைக்கிறது. அந்த விலை அடிபடுவது பெரும்பாலும் அறியாமையால். பால்போல் மங்கிய 'கெவுடா' கற்களை இலங்கையில் ஒருகாலத்தில் யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போய், உலையில் சூடேற்றி அருமையான நீலக்கல்லாக விற்றார்கள். தோண்டியவர்களுக்கு விவரம் தெரியவரும்போது மூட்டை மூட்டையாகப் போய்விட்டிருந்தது. தான்சானியாவில் 2017இல் அமெரிக்க ரத்தினவியல் கழகம், கல்லைத் தரம் பிரித்துப் பார்க்கும் முறையைப் படக் கையேடாகச் சுரங்கத் தொழிலாளர்களிடமே கொடுத்தது. நான் மதிக்கும் முயற்சி அது.

"வம்பே வேண்டாம், பெரிய நிறுவனத்திடம் மட்டும் வாங்கு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாம் விலகினால் அந்தப் பெரியவர் தோண்டுவதை நிறுத்தப்போவதில்லை; கணக்கில்லாமல் வாங்குபவனிடம் இன்னும் குறைத்து விற்பார். இலங்கையில் தோண்ட அரசு உரிமம் வேண்டும். வேலை முடிந்ததும் குழியை மூடுவதற்கென முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டும். அந்த உரிம எண்ணைத் தரகரிடம் கேட்கிறேன். தொடக்க காலத்தில் நான் கேட்டதில்லை; மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்திருக்கிறேன். அந்தக் கல் பொட்டலங்களை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது. இப்போது பதில் வராவிட்டால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த அம்மாவின் ரசீதில் உரிம எண், வாங்கிய ஊர், மாதம் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கடைக்காரரிடமும் கேளுங்கள். தெரியாது என்றால், விசாரித்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.