தலைக்குள் ஒரு பாறை

ரேடியோகிராபி படிப்பில் கை, கால், நெஞ்சு என்று வரிசையாகப் போய் மண்டை ஓட்டுக்கு வரும்போது பாதி வகுப்பு மலைத்துப் போய்விடும். நானும் அப்படித்தான். கைக்கு எக்ஸ்ரே என்றால் பலகைமேல் கையை விரித்து வைத்தால் போதும், எலும்புகள் தனித்தனியாகத் தெரியும். தலையில் மூளையைச் சுற்றி 8, முகத்தில் 14 என்று 22 எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உருண்டையாக நிற்கின்றன. கதிர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதற்குள் வழியில் எத்தனை எலும்பு உண்டோ அத்தனையின் நிழலும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நெற்றியும் பின்மண்டையும் அங்கே ஒரே இடம்.

அதனால் தலையை வைக்கும் ஒவ்வொரு நிலையின் பெயரையும், அதற்கு எத்தனை டிகிரி சாய்வு என்பதையும் முதலில் எல்லோரும் மனப்பாடம் செய்வோம். கால்ட்வெல் 15, டவுன் 30, வாட்டர்ஸ் 37. எழுத்துத் தேர்வுக்கு இது போதும். நோயாளி வந்து முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும்.

எனக்கு வழி காட்டியது அனாடமி ஆய்வகத்தில் இருந்த ஒரு மண்டை ஓடு. மேல் மூடியை அறுத்துத் தனியாக எடுத்திருந்தார்கள். உள்ளே தரை சமமாக இல்லை. நெற்றிப் பக்கம் உயரம், நடுவில் ஒரு படி இறக்கம், பின்னால் இன்னொரு படி இறக்கம். நடுப்படிக்கும் பின்படிக்கும் இடையில், இரண்டு காதுகளிலிருந்தும் நடுவை நோக்கிச் சாய்வாக ஓடி வரும் இரண்டு மேடுகள். விரலால் தடவிப் பார்த்தேன், வரப்பு மாதிரி இருந்தது. வெளியே காதுக்கு மேலே இருக்கும் அதே டெம்போரல் எலும்பைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய இடங்களில் ஒளி ஊடுருவுகிறது. அதன் உள்பகுதியான இந்த மேடோ கல். பெயரே பெட்ரஸ், அதாவது பாறை போன்றது. கேட்கும் உறுப்பையும், தலை சுற்றாமல் நம்மை நிறுத்தும் உறுப்பையும் இந்தப் பாறைதான் பொதிந்து வைத்திருக்கிறது. சராசரி வடிவத் தலையில் இது நடுக்கோட்டோடு சுமார் 47 டிகிரி கோணத்தில் இருக்கும். அகன்ற தலையில் 54, நீண்டு குறுகிய தலையில் 40.

எலும்பு ஏன் நிழல் போடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அணுக்கள் எக்ஸ் கதிரை விழுங்குவது, பெரும்பாலும் அணு எண்ணின் முப்படியை ஒட்டி ஏறும். சதையில் நிறைய இருக்கும் ஆக்சிஜனின் அணு எண் 8, எலும்பில் இருக்கும் கால்சியத்தின் அணு எண் 20. இரண்டரை மடங்குதான் வித்தியாசம். ஆனால் இரண்டரையை மூன்று முறை பெருக்கினால் பதினைந்தைத் தாண்டிவிடுகிறது. அத்தனை கால்சியம் இறுகிக் கிடக்கும் பாறை எலும்பு படத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழும். அது விழுந்த இடத்தில் பின்னாலோ முன்னாலோ உள்ள எதுவும் தெரியாது. மண்டை ஓட்டுக்குச் சொல்லித் தரும் முன்பக்க நிலைகள் எல்லாமே இந்த ஒரு பாறையின் நிழலை எங்கே தள்ளுவது என்ற கேள்விக்கான பதில்கள்தான். இதைப் பிடித்துக்கொண்டபின் எனக்குக் கோணங்கள் மறக்கவில்லை.

காசிமேட்டில் எங்கள் வீட்டுச் சன்னல் கிழக்கே கடலைப் பார்த்தது. காலையில் வெயில் தாழ்வாக வரும்போது சன்னல் கம்பியின் நிழல் எதிர்ச்சுவரில் உயரத்தில் விழும். வெயில் ஏற ஏற நிழல் இறங்கி எட்டு மணிக்கெல்லாம் தரைக்கு வந்துவிடும். அதே சுவரில் ஆணியில் தொங்கும் காலண்டரின் நிழலோ இடத்தைவிட்டு அசையாது. அது சுவரை ஒட்டியே இருக்கிறது, கம்பி தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

கால்ட்வெல் நிலை இதேதான். நோயாளி, படம் பதியும் பலகையில் முகத்தைப் பதித்து உட்காருகிறார். கதிர் பின்மண்டையிலிருந்து வருகிறது. கண்குழி பலகையை ஒட்டி இருப்பதால் அது காலண்டர். பாறை எலும்பு பின்னால் இருப்பதால் அது சன்னல் கம்பி. கதிர் கிளம்பும் டியூபைச் சாய்க்காமல் நேராக விட்டால் பாறை நிழல் கண்குழிகளை முழுக்க அடைத்துவிடும். டியூபை மேலே ஏற்றிக் காலை நோக்கி 15 டிகிரி சாய்த்தால் நிழல் இறங்கிக் கண்குழியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நிற்கும். 30 டிகிரி சாய்த்தால் கண்குழியை விட்டே கீழே போய்விடும். வெயில் ஏறுகிறது, நிழல் இறங்குகிறது.

வாட்டர்ஸ் நிலையில் டியூப் சாயாது, மோவாயைத் தூக்கித் தலையைச் சாய்க்கிறோம். கன்னத்துக்குள் இருக்கும் மேக்சிலரி சைனஸ் அறைகளுக்கும் கீழே பாறை இறங்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த 37. இதை உட்காரவைத்தோ நிற்கவைத்தோ எடுப்பதற்கும் காரணம் உண்டு. சைனஸில் சளியோ நீரோ கோத்திருந்தால் அதன் மட்டம் ஒரு கிடைக்கோடாகத் தெரிய வேண்டும். ஆளைப் படுக்கவைத்து மேலிருந்து கதிரை விட்டால் அந்தக் கோடு காணாமல் போகும்.

பக்கவாட்டுப் படத்தில் வேலை வேறு. இடதும் வலதும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படிய வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிய படகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஓரிடத்தில் இரண்டு கொடிமரங்கள் ஒன்றாகி நிற்கும், இரண்டடி தள்ளினால் பிரிந்துவிடும். சரியான பக்கவாட்டுப் படம் அந்த ஓரிடம்தான். தாடை எலும்பின் இரண்டு கிளைகளும் முன்பின்னாகப் பிரிந்து தெரிந்தால் தலை திரும்பியிருக்கிறது. கண்குழிக் கூரைகள் மேல்கீழாகப் பிரிந்தால் தலை சாய்ந்திருக்கிறது. எந்தத் திசையில் பிரிந்தது என்று பார்த்துவிட்டால் நோயாளியின் தலையை எப்படி மாற்ற வேண்டும் என்பது கையிலேயே வந்துவிடும். சரியாக அமைந்தால் நடுவில் குதிரைச் சேணம் போன்ற சின்னக் குழிவு ஒற்றைக் கோடாகத் தெரியும். செல்லா டர்சிகா, பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் இருக்கை. முதல் முறை அது தெளிவாக விழுந்த படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைத் திணறடித்தது டவுன் நிலை. 1926இல் எட்வர்ட் டவுன் என்ற அறுவை மருத்துவர், கேட்கும் நரம்பில் வரும் கட்டி இந்தப் பாறை எலும்பை அரிப்பதைப் பார்ப்பதற்காக எழுதிவைத்தது. நோயாளி டியூபைப் பார்த்து உட்கார்ந்து, மோவாயை நெஞ்சை நோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். கதிர் நெற்றிக்கு மேலிருந்து கீழ்நோக்கி 30 டிகிரியில் நுழையும். பின்மண்டையின் அடியில் தண்டுவடம் இறங்கும் பெரிய துளைக்குள் அந்தச் சேணத்தின் முதுகுப்பலகை விழுந்திருந்தால் படம் சரி.

பயிற்சியில் நான் எடுத்த முதல் டவுன் ஒரு வயதான அம்மாவுக்கு. படத்தில் சேணத்தின் முதுகு துளைக்கு மேலேயே நின்றுவிட்டது. சீனியர் அக்கா பார்த்துவிட்டு, “எந்தக் கோட்டை நேராக்கின?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டாவது முறை கதிர் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து ஆயாவை முக்காலியில் உட்காரவைத்தேன். கண்ணின் வெளிமுனையிலிருந்து காதுத்துளைக்கு மை பென்சிலால் ஒரு கோடு. இது ஓ.எம். லைன். கண்குழியின் கீழ்விளிம்பை விரலால் தேடி, அங்கிருந்து அதே காதுத்துளைக்கு இன்னொரு கோடு. இது ஐ.ஓ.எம். லைன். “இன்னா கண்ணு, மூஞ்சில கோலம் போடற?” என்றார் ஆயா. “ஆடாத ஆயா, அளக்கணும்” என்று தம்பியின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானியைக் காதருகே வைத்தேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவே 7 டிகிரி. புத்தகம் சொல்வதும் 7, 8தான்.

அப்புறம் மோவாயை நெஞ்சோடு ஒட்டச் சொன்னேன். ஆயாவின் முதுகு கொஞ்சம் வளைந்தது, கழுத்து அவ்வளவு மடங்கவில்லை. கீழ்க்கோடுதான் நேராக வந்தது, மேல்கோடு 7 டிகிரி மேல்நோக்கியே நின்றது. அங்கேதான் விளங்கியது. அந்த அம்மாவின் கழுத்தும் அவ்வளவுதான் மடங்கியது. நான் கீழ்க்கோட்டை நேராக்கிவிட்டு, மேல்கோட்டுக்கான 30ஐ டியூபில் வைத்துவிட்டேன். கழுத்து தராத 7 டிகிரியை டியூப் தந்திருக்க வேண்டும். கீழ்க்கோடு என்றால் 37. புத்தகத்தில் இரண்டு எண்ணும் அடுத்தடுத்து இருக்கின்றன, காரணத்தை ஆயாவின் கழுத்து சொல்லிக்கொடுத்தது.

மறுபடி எடுப்பதை இவ்வளவு பெரிதாக நினைப்பது தேவையா என்றால், தேவைதான். 15 டிகிரிக்குப் பெயர் கொடுத்த யூஜின் கால்ட்வெல் 1918இல் இறந்தார், இந்தக் கதிரில் வேலை செய்து வந்த புற்றுநோயால். இன்று ஒரு படத்துக்குத் தரும் அளவு மிகக் குறைவு, ஆனாலும் கண்ணின் லென்ஸ் கதிரைத் தாங்காத உறுப்பு. முகத்தைப் பலகைப் பக்கம் வைத்து எடுப்பதில் இன்னொரு லாபம் இதுதான். கதிர் பின்மண்டையில் நுழைந்து, பெரும்பகுதி தலைக்குள்ளேயே தேய்ந்துபோய், மிச்சம்தான் கண்ணுக்கு வரும்.

1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகு மண்டை எக்ஸ்ரேயின் வேலை வெகுவாகக் குறைந்தது. தலையில் அடிபட்டு வருகிறவருக்கு இன்று சி.டி.தான், அதுதான் சரியும்கூட. எலும்பு விரிசலைவிட உள்ளே ரத்தம் கசிகிறதா என்பதுதான் அங்கே உயிர்க் கேள்வி. ஆனால் வடசென்னையில் இந்தப் பாடம் பயன்படும் இடம் ஒன்று உண்டு. வியாசர்பாடி, மணலி, எண்ணூர்ப் பக்கம் வெல்டிங்கிலும் லேத்திலும் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு வருகிறார்கள். கண்ணுக்குள் எப்போதோ தெறித்த இரும்புத் தூள் இருந்தால், எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் அதை இழுத்துக் கண்ணைக் கிழித்துவிடக்கூடும். அதனால் சந்தேகம் இருந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே.

அப்படி ஒரு லேத் தொழிலாளி வந்தார். இடுப்பு வலிக்காக எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தார்கள். “சின்ன வயசுல கண்ணுல பிசிறு பட்டுச்சும்மா, தானா போயிடுச்சு” என்றார். மோவாயை உயர்த்தி, பாறையைக் கண்குழிக்குக் கீழே இறக்கினேன். “அண்ணா, தலை ஆடக்கூடாது, கண்ணை மட்டும் மேல பாருங்க.” ஒரு படம். “இப்ப கீழ.” இன்னொரு படம். இரண்டு படம் எடுப்பது ஏனென்றால், பலகையில் ஒட்டிய தூசி கண்விழியோடு சேர்ந்து உருளாது.

வலது கண்குழியில், பாறை நிழல் இல்லாத சுத்தமான கருப்பில், எள்முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டாவது படத்தில் அது இடம் மாறியிருந்தது. எம்.ஆர்.ஐ. பக்கம் போகவேண்டாம் என்று டாக்டர் எழுதி, அவரைக் கண் வார்டுக்கு அனுப்பினார்.