ஒரே இனம், ரெண்டு ஓடு: ஃபொரமினிஃபெராவுக்கு பேரு வைக்கிற வேலை

ஹட்டன் பக்கம் உயர்தரத்துல உயிரியல் படிக்கிற தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தா: "ஃபொரமினிஃபெராவுல ஒரே இனத்துக்கு ரெண்டு பேரு வச்சிட்டாங்கன்னு படிச்சேன் அண்ணா, அவ்வளவு படிச்சவங்களுக்கு எப்படி அது தெரியாம போச்சு?" அருமையான கேள்வி, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுக்குள்ளதான் இருக்கு.

அடிப்படைய சுருக்கமா சொல்லிடுறேன். ஃபொரமினிஃபெராங்கிறது ஒரே கலத்தால ஆன உயிர் (ஒருகல அங்கி), பெரும்பாலும் கடல்ல இருக்கும், தன்னைச் சுத்தி கல்சியம் காபனேற்றுல ஓடு கட்டும், சில இனம் மணலைப் பொறுக்கி ஒட்டியும் கட்டும். வளர வளர அறை அறையா சேர்த்துக்கிட்டே போகும். 1826ல டோர்பின்யிங்கிற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தக் கூட்டத்துக்கு பேரு வச்சப்போ அறையையும் சுருளையும் பாத்துட்டு கணவாய் வகையிலயே சேர்த்துட்டாரு, 1835ல டுஜார்டின்தான் உள்ள இருக்கிறது வெறும் ஒரு கலம்னு காட்டினாரு. இன்னைக்கு உயிரோட இருக்கிற இனம் மட்டும் 9000 அளவுல இருக்கு.

இப்ப ரெண்டு பேரு விஷயம். பல இனத்துல தலைமுறை மாறி மாறி வரும். ஒரு தலைமுறை புணரிகளை (இனப்பெருக்கக் கலங்களை) தண்ணியில விடும், ரெண்டு புணரி சேர்ந்தா நுகம், அது கண்ணுக்கே தெரியாத பொடி, அதனால அது கட்டுற முதல் அறையும் ரொம்பச் சின்னது. ஆனா அது நெடுநாள் வளர்ந்து, அறை மேல அறை போட்டு பெரிய ஓடா நிக்கும். அப்புறம் அது ஒடுக்கற்பிரிவு (நிறமூர்த்தங்களை, அதாவது மரபுச் செய்தி தாங்குற இழைகளை, பாதியாக்குற கலப்பிரிவு) நடத்தி, தன்னோட குழியவுருவையே (கலத்துக்குள்ள இருக்கிற கூழையே) நூத்துக்கணக்கான குட்டிகளுக்கு பங்கு பிரிச்சுக் குடுத்துட்டு வெறும் ஓட்டை விட்டுட்டுப் போயிடும். நம்ம தோட்டத்து நர்சரியில வீபி கன்னு (தேயிலைத் தண்டை வெட்டி நட்டு வளர்க்கிற கன்னு) தாய்ச்செடியோட தண்டையும் இலையையும் வச்சுக்கிட்டே தொடங்குற மாதிரி (இது அப்படியே நகல் இல்ல, நிறமூர்த்தம் பாதிதான்), இந்தக் குட்டிங்களுக்கு தாய் குடுத்த கைமுதல் இருக்கு, அதனால முதல் அறையே பெருசு. ஆனா முழுசா வளர்ந்த ஓடு சின்னதாவே நின்னுடும்.

அதாவது சின்னதா தொடங்கினது பெருசாகுது, பெருசா தொடங்கினது சின்னதா முடியுது! இத எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு சந்தோஷமா இருக்கு.

எகிப்து பிரமிட் கல்லுல நிறைஞ்சு கிடக்கிற நுமுலைட்ஸ்ங்கிற காசு வடிவ ஃபொரமினிஃபெரா ஓடுகள்ல இந்த வித்தியாசம் பளிச்னு தெரியும், ஒரு தலைமுறை சில மில்லிமீட்டர், மத்தது சென்டிமீட்டர் கணக்குல. (கட்டட வேலைக்காரங்க சாப்பிட்டு மிச்சம் விட்ட பருப்பு கல்லாயிடுச்சுன்னு அந்தக் காலத்து ஊர்க்கதை, பழைய கிரேக்க புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வச்சிருக்காரு. கல்லை நடுவுல அறுத்துப் பாத்திருந்தா அறைகள் தெரிஞ்சிருக்கும், அறுக்காமலே கதை கட்டுறதுதான் எல்லா ஊர்லயும் நடக்குது.) ரெண்டையும் தனித்தனி இனம்னு எழுதினதுல தப்பு சொல்ல முடியாது தங்கச்சி, பேரு வச்சவங்க கையில இருந்தது செத்த ஓடு மட்டும்தான். லிஸ்டர்ங்கிற விலங்கியலாளர் எல்ஃபிடியம் கிறிஸ்பம்ங்கிற ஒரு ஃபொரமினிஃபெரா இனத்தை உயிரோட வச்சுப் பாத்து 1895ல எழுதின பிறகுதான் தலைமுறைக் கணக்கு தெளிவாச்சு. இப்படி ரெண்டு பேரு ஒண்ணாகும்போது பொதுவா முதல்ல வெளியான பேருதான் நிலைக்கும்.

அதனாலதான் ஒரு இனத்தைப் பதியும்போது ஒரு ஓடு போதாது. மண்ணை 63 மைக்ரோன் (ஒரு மைக்ரோன்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சல்லடையில கழுவி, ஈரத் தூரிகை நுனியால ஒவ்வொண்ணா எடுத்து கறுப்பு அட்டையில ஒட்டி, ரெண்டு பக்கமும் விளிம்பும் தெரியிற மாதிரி படம் எடுக்கணும், வேணும்னா அறுத்து முதல் அறையை அளக்கணும். பேருக்கு ஆதாரமான மாதிரி ஓடு அருங்காட்சியகத்துல இருக்கணும். இந்தப் பொறுமையான வேலைக்கு காசு ஒதுக்க யாருக்கும் மனசு வர்றதில்லங்கிறது என் ஆதங்கம். பழைய கடலோட வெப்பநிலையை இதே ஓட்டுல இருக்கிற ஒட்சிசன் வகைகளோட விகிதத்தை வச்சும் கணிக்கிறாங்க, இனத்தை மாத்திப் போட்டா அந்தக் கணக்கே கோணிப் போயிடும்.

நம்ம மலையில தேடாதீங்க. இங்க இருக்கிறது வெந்து உருமாறின பாறை, திகன மாபிள்கூட அப்படித்தான். யாழ்ப்பாணத்து மயோசீன் (பல மில்லியன் வருசத்துக்கு முந்தைய ஒரு புவிக்காலம்) சுண்ணாம்புக்கல்லுல உண்டு. அடுத்து திருகோணமலை போறப்போ கடற்கரை மணல் கொஞ்சம் போத்தல்ல எடுத்துட்டு வாங்க, இடமும் தேதியும் அன்னைக்கே எழுதி ஒட்டிடுங்க. பள்ளிக்கூட அலுமாரியில பூட்டிக் கிடக்கிற நுணுக்குக்காட்டியை டீச்சர்கிட்ட கேட்டு வாங்கி, ஓடு கிடைச்சா மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு கீழிருந்து வெளிச்சம் குடுங்க, மெல்லிய ஓடா இருந்தா உள் அறைகள் தெரியும், சுருளோட நடுவுல இருக்கிறதுதான் முதல் அறை.